புதுச்சேரி மணல் எங்கே போனது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வரிசையாகக் கிடக்கும் கருங்கற்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களிடம், இங்கே ஒரு காலத்தில் நடந்துபோய்க் கால் நனைக்கிற அளவுக்கு மணல் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கடல் தின்றுவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், ஆனால் கடல் அன்றும் இன்றும் மணலை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, தெற்கே இருந்து வந்து அந்தக் கணக்கை நேர் செய்யும் மணல்தான் நின்றுபோனது.

ஜூன், ஜூலையில் அலை ஏறி இறங்கும் இடத்தில் ஒரு காய்ந்த தேங்காய் மட்டையைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். அலை கரைக்கு நேராக வராது, தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து மட்டையைச் சாய்வாக மேலே ஏற்றும், திரும்பும்போது தண்ணீர் சரிவில் நேராக இறங்கிவிடும், அடுத்த அலை மறுபடியும் சாய்வாக ஏற்றும். கொஞ்ச நேரத்தில் மட்டை வடக்கே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு மணல் துகளுக்கும் இதேதான் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறித் தெற்கே போகும், ஆனால் அது சில மாதங்கள்தான் என்பதால் ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். ஆக, நம் கரையோரமாக ஒரு மணல் ஆறு ஓடுகிறது. அதில் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் போகிறது. மூன்று லட்சம் என்று வைத்து, ஒரு லாரிக்கு ஆறு கன மீட்டர் என்று போட்டால்கூட 50,000 லோடு!

இந்த ஆற்றின் குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870களில் தொடங்கிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது, அதற்கான விலையை வடக்கே ராயபுரமும் காசிமேடும் கொடுத்தன. நூறு ஆண்டு கழித்து, 1980களின் இறுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அதை ஒழுங்காக நடத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மணல் போனதும் கல் கொட்டினார்கள். கல்லால் சாலை தப்பியது, அதை மறுக்க முடியாது. ஆனால் சரிவான மணலில் ஏறிக் களைத்துப்போகும் அலை, கல்லில் மோதினால் பலமாகத் திரும்பிக் கல்லின் அடியிலேயே பள்ளம் தோண்டும், கல் இறங்கும், மேலே மறுபடியும் கல் போட வேண்டும். அதோடு, கல் போட்ட இடத்தில் படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது, வலை காயப்போட இடம் இருக்காது. அரிப்பும் நிற்காது, அடுத்த ஊருக்குப் போகும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் தாண்டி, தமிழக எல்லைக்குள் இருக்கும் தந்திராயன்குப்பத்தில் வீடுகள் விழுந்தன. அங்கே தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர், போட்டார்கள், அப்புறம் பொம்மையார்பாளையத்தில் அரிப்பு. தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்கும் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது, அதன் தெற்கே நிஜமாகவே மணல் சேருகிறது, படகுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கிறது. வடக்கே இருக்கும் ஊரை யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

சரி, என்ன செய்யலாம்? புதுச்சேரியிலேயே ஒரு பதில் இருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகுப் பெட்டியை இறக்கியது. அது நீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு போல இருந்து, அலையைக் கரைக்கு வருவதற்கு முன்பே உடைத்துவிடுகிறது. வேகம் குறைந்த தண்ணீரால் மணலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, கீழே போட்டுவிடும். முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் சேர, பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே கால் வைக்க மணல் வந்தது.

ஆனாலும் எனக்குப் பிடித்த வழி ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் இருப்பதுதான். அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, அங்கேயும் 1960களில் தடுப்புச் சுவர்களை நீட்டியதும் வடக்கே கோல்டு கோஸ்ட் கரைகள் தேய்ந்தன. 2001 முதல், தெற்கே சேரும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். ஆரம்பத்தில் அனுப்பிய மணல் அதிகமாகி, கிர்ரா என்ற இடத்தின் புகழ்பெற்ற அலையே கெட்டுவிட்டது என்று அலைச்சறுக்கு ஆட்கள் கோபப்பட்டது தனிக்கதை. கரண்டுச் செலவு ஒவ்வொரு ஆண்டும் உண்டு, திறப்பு விழா ஒருமுறைதான், நம் ஊரில் இது ஏன் எடுபடவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது.

கரையை விட்டுத் தள்ளிப்போவதும் ஒரு வழிதான், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. சுனாமிக்குப் பிறகு சென்னைக் குப்பங்களிலிருந்து செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு ஒரு பக்கம், படகும் வலையும் இன்னொரு பக்கம் ஆனது. கடல் கண்ணில் படுகிற தூரத்தில், அதே ஊரின் பின்பக்கத்தில் இடம் கொடுத்தால் மீனவர்கள் யோசிப்பார்கள்.

எதைக் கேட்பதாக இருந்தாலும், கரை எவ்வளவு தேய்ந்தது என்ற அளவு கையில் இருந்தால் பேச்சே வேறு. ஒரே உயரத்தில் இரண்டு கம்புகள், இடையே ஒன்றரை மீட்டர் கயிறு, இவ்வளவுதான் தேவை. கயிறு இறுகும்படி இரண்டையும் கடலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக மணலில் நிமிர்த்தி நிறுத்துங்கள். கடல் பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி, கரைப் பக்கக் கம்பின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால், அந்தக் கோடு கரைக் கம்பின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ அதுதான் அந்த ஒன்றரை மீட்டரில் மணல் இறங்கிய அளவு. அப்படியே தண்ணீர் வரை போய்க் குறித்துக்கொள்ள வேண்டும், மாதம் ஒருமுறை, எப்போதும் ஒரே இடத்திலிருந்து. டிசம்பரை முந்தைய டிசம்பரோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் மழைக்கால அலை இழுத்துப்போகும் மணலில் பெரும்பகுதி கடலுக்குள் சற்றுத் தள்ளி மேடாகக் கிடந்து, கோடையில் சின்ன அலைகளோடு திரும்பி வரும். மே மாதத்திலும் கரை பழைய அகலத்துக்கு வரவில்லை என்றால், தெற்கே புதிதாக யார் என்ன கட்டினார்கள் என்று விசாரிக்கலாம்.