கிராண்ட்: மானியம் வேண்டாம், நல்கை என்போம்

பல்கலைக்கழக ஆய்வகங்களில் ஓயாமல் காதில் விழும் சொல் ‘கிராண்ட்’. கிராண்ட் சாங்ஷன் ஆச்சா, ரெண்டாவது தவணை வந்துச்சா, கிராண்ட் முடியப் போகுதே அடுத்து என்ன செய்யறது என்று பேச்சு முழுக்க அதுதான். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: மானியம், நிதியுதவி, உதவித்தொகை, கொடை. இவற்றில் அதிகம் புழங்குவது மானியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசு ஆராய்ச்சிக்குத் தரும் பணத்துக்கு ‘நல்கை’தான் சரியான பெயர்.

முதலில் ஆங்கிலச் சொல். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, வேர் லத்தீனில் ‘கிரேதெரே’ என்ற வினை, நம்புதல் என்று பொருள். ‘கிரெடிட்’டும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். வாக்குக் கொடுப்பது, உறுதி சொல்வது என்று தொடங்கி, கேட்டதை அளிப்பது என்றாகி, கடைசியில் அரசோ அறக்கட்டளையோ குறிப்பிட்ட ஒரு வேலைக்காகத் திரும்பக் கேட்காமல் தரும் பணத்தைக் குறிக்க வந்தது. வேலையைச் செய், செலவுக்குக் கணக்குக் காட்டு, கண்டுபிடித்ததை எழுது என்பவைதான் அதன் முக்கிய நிபந்தனைகள்.

சரி, மானியம்? வடமொழியின் ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்தவர்களுக்கும் வரி நீக்கி விட்ட நிலம் மானிய நிலம். ஊர்ப்பக்கம் ‘கோயில் மானியம்’ என்று இன்றும் சொல்வார்கள். பிற்பாடு அந்தச் சொல் உர மானியம், சிலிண்டர் மானியம் என்று விலைச் சலுகைக்குப் போய்விட்டது. சட்டமன்றத்தில் துறைவாரியாக நடக்கும் ‘மானியக் கோரிக்கை’ விவாதத்தில் மட்டும் பணம் ஒதுக்க ஒப்புதல் என்ற பொருள் தங்கியிருக்கிறது. இத்தனையும் சுமக்கிற சொல்லில் ஆராய்ச்சியையும் ஏற்றினால், கேட்பவர் மனதில் முதலில் வருவது சலுகைதான். நிதி நெருக்கடி என்றதும் ‘மானியத்தைக் குறைக்க வேண்டும்’ என்று பேச ஆரம்பிப்பார்கள், அந்தப் பேச்சில் ஆய்வகமும் சேர்ந்து வெட்டுப்படும். ‘உதவித்தொகை’ இன்னும் மோசம். முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதாமாதம் தரவேண்டியது அவர் செய்யும் முழுநேர வேலைக்கான பணம். அதை உதவி என்று சொல்லிச் சொல்லியே, மூன்று மாதம் தள்ளிப் போட்டாலும் யாரும் கேட்காத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். இளநிலை ஆய்வாளருக்கான மாதத் தொகை 2019-ல் 31,000 ரூபாயாகவும் 2023-ல் 37,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் 2019 உயர்வுக்கு முன்னால் நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

நல்கை என்பது ‘நல்கு’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர், கொடு என்பதிலிருந்து கொடை வந்தது போல. வினை சங்க காலத்துப் பழமை. (வறுமையைக் குறிக்கும் ‘நல்குரவு’ ஒலியில் நெருங்கினாலும் பொருளில் வேறு.) குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் ‘தான்நல்கா தாகி விடின்’ என்று வரும்: கடலிடம் எடுத்த நீரை மேகம் திரும்பப் பெய்யாவிட்டால் அந்தப் பெருங்கடலே தன் இயல்பில் குன்றும் என்கிறார் வள்ளுவர். எடுத்த இடத்துக்கே திரும்பக் கொடுப்பது இந்தச் சொல்லுக்குள் அப்போதே இருந்திருக்கிறது. ஆய்வுக்கு அரசு தரும் பணமும் நம் வரிப்பணம், நமக்கே திரும்பி வருவது. பல்கலைக்கழக மானியக் குழுவை ‘நல்கைக் குழு’ என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், ஆகவே இது யாரும் புதிதாகக் கட்டிவிட்ட சொல்லும் இல்லை.

எப்படித் திரும்பி வரும் என்பதற்குச் சென்னை சேத்துப்பட்டே சாட்சி. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. அப்போது காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படுக்கைகளோ போதாது. இந்த மையம் ஏறத்தாழ 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பியது, மறுபாதியை நெரிசலான அவர்கள் வீடுகளிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானவர்கள் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது, காசநோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று உலகம் மாறியதற்கு இது முக்கியக் காரணம். கூலி வேலைக்காரர் குடும்பத்தை விட்டுப் போகாமல் பிழைத்தார். யோசித்துப் பாருங்கள், படுக்கையே தேவையில்லை என்று நிரூபிக்கும் ஆய்வுக்கு எந்தத் தனியார் கம்பெனி பணம் போடும்? விற்க ஒன்றுமில்லாத கேள்விக்கு அரசுதான் பணம் தர வேண்டும்.

நாமோ எவ்வளவு தருகிறோம்? 2020-21 கணக்கில், அரசும் தனியாரும் சேர்ந்தே, ஆராய்ச்சிக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64%. சீனா 2%-க்கு மேலே, தென்கொரியா 5%-ஐ ஒட்டி. 2017 ஆகஸ்ட் 9 அன்று அறிவியலுக்கான பேரணியில் பல ஊர்களில் நடந்தவர்கள் கேட்டது 3%. அது இன்னும் கோரிக்கையாகவே கிடக்கிறது. தொகை மட்டுமில்லை, வருகிற நேரமும் சிக்கல். முதல் தவணையைச் செலவழித்த கணக்கைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, அதற்கு ஒப்புதல் வந்து, இரண்டாம் தவணை மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தால், நிதியாண்டு முடிவதற்குள் செலவழி என்பார்கள். அதற்குள் ஆய்வகத்தில் வேதிப்பொருள் தீர்ந்து, வளர்த்த செல்கள் செத்து, பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எழுதும்போது: ஆய்வு நல்கை, நல்கை விண்ணப்பம், நல்கைத் தவணை, தொடக்க நல்கை. மாத ஃபெலோஷிப்பை ‘ஆய்வாளர் ஊதியம்’ என்றே எழுதலாம், அலுவலகப் படிவம் வேறு சொல் கேட்டால் அங்கே மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சுகாதாரத் துறை, உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கைகள் சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன்பே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பட்ஜெட்டுக்கு முன்பே. ஆய்வு நல்கைக்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள், எந்த மாதம் தருவீர்கள் என்று அதில் நேராகக் கேளுங்கள்.