லைன்பேக்கரின் வார்ம் அப் டிரில்: சூடேற்றலா, பதமேற்றலா?

அமெரிக்கக் கால்பந்தில் அன்றைய பயிற்சி தொடங்குமுன் லைன்பேக்கர்கள் தமக்குள் கூடிச் செய்யும் சிறு அசைவுப் பயிற்சிகளை வார்ம் அப் டிரில் என்கிறார்கள். இத்தொடரை அப்படியே தமிழாக்கினால் 'சூடேற்றும் பயிற்சி' என்று வரும். அது போதாது என்பது என் கருத்து.

முதலில் ஆட்டக்காரரின் பெயர். தடுக்கும் அணியின் முன்வரிசை, பந்துக்கு எதிரே குனிந்து நிற்கும். அதற்குப் பின்னால், பந்திலிருந்து 4 அல்லது 5 கெஜ தூரத்தில் நின்று அவ்வரிசைக்குத் துணையாக இருப்பவரே லைன்பேக்கர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் ஆடிய அடால்ஃப் ஷுல்ட்ஸ், முன்வரிசையை விட்டுப் பின்னே தள்ளி நின்று ஆட்டத்தைக் கவனித்துத் தடுத்ததால், இந்த இடத்தின் முன்னோடியாக அவரைச் சொல்வது வழக்கம். தமிழில் 'பின்காவலர்' என்றால், இவருக்கும் பின்னே நின்று நீண்ட வீச்சுகளைத் தடுக்கும் ஆட்டக்காரர்களோடு குழப்பம் வரும். இரு வரிசைகளுக்கும் நடுவே நிற்பதால் 'இடைக்காவலர்' என்பதே இடத்தைச் சரியாகக் காட்டுகிறது.

டிரில் என்ற சொல் துளைத்தல், சுழற்றுதல் என்னும் பொருள் கொண்ட டச்சுச் சொல்லிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, படைவீரரைத் திரும்பத் திரும்பப் பழக்குவதையும் குறிக்கலாயிற்று. தச்சரின் துரப்பணத்துக்கும் பள்ளி டிரில் மாஸ்டருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அமைந்தது இப்படித்தான். படைப்பயிற்சிக்கு நம்மிடம் அரபு வழிவந்த 'கவாத்து' உண்டு. ஆனால் அது கட்டளைக்கு எல்லாரும் ஒரேபடியாக அசைவதைச் சொல்வது. எதிராளியின் அசைவைப் படித்து அந்தக் கணமே திசை மாற்றும் இடைக்காவலருக்கு அது ஒவ்வாது. 'பயில்' என்ற வினைக்குப் பழகுதல், அடுத்தடுத்து நிகழ்தல் என்னும் பழம்பொருள்கள் இருப்பதால், 'பயிற்சி' என்ற எளிய சொல்லே இங்கு நிறைவாக இருக்கிறது.

இனி வார்ம் அப். மெல்லோட்டத்தால் தசை வெப்பமடைகிறது, குருதியோட்டம் கூடுகிறது, தசை விரைந்து சுருங்குகிறது. இவ்வளவையும் சூடேற்றல் என்று சொல்லிவிடலாம். ஆனால் இடைக்காவலரின் தயாரிப்பு அத்துடன் முடிவதில்லை. கால்களைக் குறுக்கே போடாமல் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நகர்வது, பின்னோக்கி ஓடி இடுப்பைத் திருப்பிச் சட்டென முன்பாய்வது, தரையில் கிடத்திய மெத்தைப் பைகளைக் கீழே பார்க்காமல் தாண்டிச் செல்வது, பயிற்றுநர் பந்தை அசைத்த திசையில் முதல் அடி வைப்பது, எதிரே நிற்பவரைத் தரையில் வீழ்த்தாமல் தோளும் கையும் சரியாகப் பொருந்தும்படி பிடித்து நிற்பது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் கண்ணுக்கும் காலுக்கும் உள்ள உறவுதான் முதன்மையானது. ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்டல்கள் சற்று நேரத்துக்குத் தசையின் விசையைக் குறைக்கக்கூடும் என்பதால், பயிற்சிக்கு முன் அசைவோடு கூடிய நீட்டல்களையே இன்று பலரும் விரும்புகிறார்கள்.

இந்த நிலைக்குத் தமிழில் 'பதம்' என்று ஒரு சொல் இருக்கிறது. உழவுக்கு நிலம் பதமாயிற்று என்கிறோம். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வர வேண்டும் என்கிறோம். பாகுக்குச் சூடு தேவை, எனினும் பதம் என்பது சூட்டின் அளவு அன்று, செய்யவிருக்கும் வேலைக்கு அப்பொருள் இணங்கி வந்த கணம். ஆகவே 'பதமேற்றும் பயிற்சி' என்றே எழுதலாம். மாதக்கணக்கில் வலுவும் மூச்சும் வளர்ப்பதைத் 'தகுதிப் பயிற்சி' என்று தனியே பிரித்துக்கொண்டால் குழப்பம் நேராது.

ஓர் அசைவின் பெயரை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் செல்லும்போது ஒரு காலை மற்றதன் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைப்பதைக் கரியோக்கா என்பார்கள். அது ரியோ டி ஜெனீரோ நகரத்தாரைக் குறிக்கும் சொல், ஒரு நடனத்தின் பெயருமாகும். அமெரிக்க மைதானங்களில் பலர் அதைக் கரோக்கே என்று மாற்றிச் சொல்வதால், பாட்டுப் பாடும் ஜப்பானிய வழக்கத்தோடு அது கலந்துவிடுகிறது. முன்னும் பின்னுமாகக் கால்கள் பின்னிச் செல்வதால் தமிழில் அதைப் 'பின்னல் நடை' எனலாம். அதைக் கேட்ட சிறுவன் விளக்கம் கேளாமலே கால்களை அப்படி வைத்துப் பார்ப்பான்.