கூரையில் காத்திருக்கும் கண்ணாடிக் குப்பி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் தீப்பாதுகாப்புப் பொறியியல் படிக்க விரும்புகிறாள் என்றும், தீயை அணைப்பதற்கு நான்காண்டுப் படிப்பு எதற்கு என்று சுற்றத்தார் கேட்கிறார்கள் என்றும் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தீயணைப்பு வீரரின் வேலை தீப்பற்றிய பின் தொடங்குகிறது. தீப்பாதுகாப்புப் பொறியாளரின் வேலையோ கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. படிக்கட்டு எத்தனை அகலம் இருக்க வேண்டும், கதவு எப்பக்கம் திறக்க வேண்டும், புகை எங்கே சேரும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, புகை ஆளை வீழ்த்தும் நேரத்துக்கு முன்பே கடைசி ஆளும் வெளியேறிவிடுவாரா என்று பார்ப்பது அவர் தொழில். அந்தக் கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று, துணிக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் கூரையிலிருந்து எட்டிப்பார்க்கும் தண்ணீர்த் தெளிப்பானுக்குள், அதாவது ஸ்பிரிங்க்ளருக்குள், ஒளிந்திருக்கிறது.

தெளிப்பானின் நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தத்துடன் காத்திருக்கும் நீரின் வழியை அடைத்திருக்கும் மூடியை, ஒரு தூணைப் போல நின்று தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் குப்பிதான். அதற்குள் கிளிசரின் சார்ந்த திரவமும், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு காற்றுக் குமிழும் உள்ளன. சூடேறும்போது திரவம் விரிந்து குமிழை நெருக்குகிறது. குமிழ் சிறுத்துச் சிறுத்து இறுதியில் திரவத்துக்குள்ளேயே கரைந்து மறைகிறது. அதன்பின் விரிவதற்கு இடமில்லை. திரவமோ எளிதில் அமுங்காத பொருள் என்பதால், அடுத்த சில டிகிரிகளுக்குள் அழுத்தம் செங்குத்தாக ஏற, கண்ணாடி நொறுங்கி மூடி விழுந்து நீர் பாய்கிறது. மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், ஆள் வேண்டாம். எந்த வெப்பநிலையில் உடைய வேண்டும் என்பதை அந்தக் குமிழின் அளவு தீர்மானிக்கிறது. நிறம் நமக்கான அடையாளமே. சிவப்பு 68 டிகிரி செல்சியஸ், மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. அவ்விடத்தில் இயல்பாக எட்டக்கூடிய உச்ச வெப்பத்தைவிட ஏறத்தாழ 30 டிகிரி கூடுதலாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆகவே சித்திரை வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழ்ச் சிவப்புக் குப்பியைப் பொருத்துவது அறிவுடைமையாகாது.

1874ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஹென்றி பார்மலி தம் பியானோ தொழிற்சாலையைக் காக்க அமைத்த தெளிப்பான், சூட்டில் உருகும் உலோகப் பற்றாசை (சால்டரை) நம்பியது. குப்பி பின்னால் வந்தது.

குப்பி 68 டிகிரியை எட்டவேண்டும் என்பது சரி. எவ்வளவு நேரத்தில் எட்டும் என்பதே பொறியாளரின் கேள்வி. தீயின் மேலெழும் சூடான புகை கூரையில் மோதி, அதை ஒட்டி மெல்லிய ஓடையாகப் பரவுகிறது. குப்பி அந்த ஓடையில் நனைந்தால்தான் விரைவில் சூடாகும். அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிவிட்டு, தெளிப்பானை மட்டும் கூரைக்கு வெகு கீழே தொங்கவிடுவோர் இந்த ஓடையை மறந்துவிடுகிறார்கள். குப்பி சூடாவதில் காட்டும் மந்தத்தை ரெஸ்பான்ஸ் டைம் இன்டெக்ஸ், சுருக்கமாக ஆர்டிஐ, என்ற எண்ணால் அளப்பார்கள் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இரண்டுமே பதில் வரும் வேகத்தைப் பற்றியவை என்றாலும்). அறை 28 டிகிரியிலும், கூரையடிப் புகை 128 டிகிரியிலும், அதன் வேகம் விநாடிக்கு 1 மீட்டராகவும் இருப்பதாகக் கொண்டால், ஆர்டிஐ 50 உள்ள மெல்லிய குப்பி ஏறத்தாழ 26 விநாடியிலும், 100 உள்ள தடித்த குப்பி 51 விநாடியிலும் உடையும். இடைப்பட்ட 25 விநாடி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தீயின் ஆற்றல் காலத்தின் வர்க்கத்துக்கு விகிதமாக வளர்வதாகவே கணக்கிடுகிறோம். 150ஆவது விநாடியில் 1,055 கிலோவாட்டாக இருக்கும், ‘வேகமானது’ என வகைப்படுத்தப்படும் தீ, 175ஆவது விநாடியில் 1,436 கிலோவாட்டை எட்டிவிடும்.

குப்பி உடைந்த தெளிப்பான் ஒரு ‘பார்’ (ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் ஊற்றுகிறது என்றால், அத்தனை நீரும் ஆவியானால் உறிஞ்சும் வெப்பம் சுமார் 3.4 மெகாவாட், நடைமுறையில் ஒரு பகுதியே ஆவியாகிறது, மீதி இன்னும் எரியாத பொருளை நனைக்கிறது. திரைப்படங்களில் காட்டுவதுபோல் எல்லாத் தெளிப்பான்களும் ஒருசேரப் பொழிவதில்லை. சூடான குப்பி மட்டுமே உடையும்.

மேற்சொன்ன தீ வளர்ச்சிக் கணக்குகள் பெரும்பாலும் அயல்நாட்டுச் சோபாக்களையும் மெத்தைகளையும் எரித்துப் பெற்றவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, கீற்றுக் கூரையில் பரவியது. நம் கீற்றும், பட்டுச்சேலை அடுக்கிய அலமாரியும், பந்தல் துணியும் எவ்வேகத்தில் எரிகின்றன என்பதை முழு அளவில் எரித்து அளக்க நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாக நிதி தர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அடுப்பங்கரை அக்னி மூலையில் அமைய வேண்டும் என்று தென்கிழக்கைத் துல்லியமாக அளக்கும் நாம்தான், மாடிப்படியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டுப் பொங்கலுக்குள் எடுத்துவிடலாம் என்கிறோம்.

இந்தியாவில் நாக்பூரிலுள்ள தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரியிலும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் இளநிலைப் படிப்புகள் உண்டு. சுத்திகரிப்பு ஆலைகள், காப்பீட்டு நிறுவனங்கள், கட்டட ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை பட்டதாரிகளை எடுக்கின்றன. வேலை எல்லாம் கணினிமுன் அன்று. வண்ணம் பூசுவோர் கூரையோடு சேர்த்துத் தெளிப்பானின்மீதும் தூரிகையை ஓட்டிவிடுவதுண்டு; பூச்சு வெப்பத்தைத் தாமதப்படுத்தும், மூடியை ஒட்டவைத்தும் விடும், எனவே அதைச் சுரண்டித் துடைக்காமல் தெளிப்பானையே மாற்ற வேண்டும். ஏணியில் ஏறி, டார்ச் வெளிச்சத்தில், திரவம் கசிந்து குப்பி வெறுமையாகிவிட்டதா, அந்தச் சிறு குமிழ் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் மகளின் முதலாண்டு வேலைகளுள் ஒன்றாக இருக்கக்கூடும்.