காணைக்கு ஏன் மாத்திரை இல்லை?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மூன்று உம்பளச்சேரி மாடுகளும் ஒரு ஜெர்சி கலப்பு மாடும் வைத்திருக்கிறார். கலப்பு மாட்டுக்குக் காணை வந்து, நாக்குத் தோல் உரிந்து, மூன்று நாள் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதாம். "மனுஷனுக்கு எச்.ஐ.வி.க்கே மாத்திரை வந்துவிட்டது. மாட்டுக்கு மட்டும் ஏன் தடுப்பூசியோடு நிறுத்திவிட்டார்கள்?" என்று கேட்கிறார்.

காணை என்று நாம் சொல்லும் கோமாரியை உண்டாக்கும் வைரஸ் நமக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ராஷும் 1898-லேயே இதை அடையாளம் கண்டார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதலில் பிடிபட்டது இதுதான். தடுப்பூசியும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடாமல் போட்டால். ஆனால் ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வலுப்பட ஒரு வாரமாவது வேண்டும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரத்து ஆடுகள் வந்து இறங்கும் காலத்தில், பக்கத்துத் தெருவுக்கு நோய் வந்த பிறகு போடும் ஊசி பிந்திவிடலாம். அந்த ஒரு வார இடைவெளியை அடைக்கத்தான் மருந்து தேடுகிறார்கள்.

தேடும் முறை பார்க்க எளிமையானது. வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்களைத் தட்டில் ஒரே அடுக்காக வளர்த்து, வைரஸை விட்டு, மேலே அகார் கூழ் ஊற்றி மூடிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால் உயிரோடிருக்கும் செல்கள் நிறம் பிடிக்கும். வைரஸ் தின்ற இடம் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை ஓட்டையாகத் தெரியும். ஒரு சேர்மத்தைச் சேர்த்ததும் ஓட்டைகள் குறைந்து, செல்களும் சாகாமல் இருந்தால், அது அடுத்த கட்டத்துக்குப் போகும். பெரும்பாலானவை இங்கேயே விழுந்துவிடும். வைரஸோடு சேர்த்துச் செல்லையும் கொல்வதற்குப் பல பொருள்களால் முடியும்.

சரி, தப்பி வருபவை வைரஸை என்ன செய்கின்றன? அவற்றில் ஒரு வகையைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். "படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்பார்கள். பிரதி எடுப்பவர் ஒரு எழுத்தைத் தவற விட்டால், அடுத்த பிரதியில் அதோடு இன்னொன்று சேரும். கோமாரி வைரஸின் மரபுச்செய்தி, சுமார் 8,400 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கு எழுதியதைச் சரிபார்க்கும் வழக்கமே கிடையாது. ஏறத்தாழ பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விடுகிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிழைதான் அதன் பலம். நேற்றைய தடுப்பூசிக்கு இன்று தப்பும் உருவம் அந்தப் பிழைகளிலிருந்தே பிறக்கிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1971-ல் ஜெர்மன் வேதியியலாளர் மான்ஃபிரட் ஐகன் கணக்குப் போட்டுக் காட்டினார். பிழை அந்த எல்லையைத் தாண்டினால் மூலப்பாடமே கரைந்துபோகும். ஆர்.என்.ஏ. வைரஸ்கள் அந்த வரப்பின் விளிம்பில்தான் நடக்கின்றன. லேசாகத் தள்ளிவிட்டால் போதும்.

தள்ளிவிடும் பொருள்களில் ஒன்று ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. பழைய ஏடுகளில் புள்ளி இராது. ர-வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எதுவென்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். ரிபாவிரினும் அப்படி ஓர் இரட்டை வேட எழுத்து. செல்லுக்குள் போனதும் உருமாறி, ஆர்.என்.ஏ.-வின் எழுத்துகளோடு கலந்து நிற்கும். நொதி அதை ஒருமுறை 'ஜி' என்று எடுக்கும், மறுமுறை 'ஏ' என்று எடுக்கும். இப்படி நாலைந்து தலைமுறை பிரதி எடுத்தால், வைரஸ் தன் பாடத்தைத் தானே உளறத் தொடங்குகிறது. அதன் உறை சரியாக மடியாது, புரதத்தை வெட்டும் நொதி வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாது. விஷம் வைத்துக் கொல்லவில்லை. அதன் கையெழுத்தைக் கெடுத்தோம், அவ்வளவுதான். கோமாரி வைரஸ் நெடுநாள் குடியிருந்த செல்களை ரிபாவிரின் இப்படித் துடைத்தெடுத்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வைரஸும் சும்மா இருப்பதில்லை. பிரதி எடுக்கும் நொதியின் 296-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு, போலி எழுத்தை ஒதுக்கப் பழகிய வகையும் தட்டில் தோன்றியிருக்கிறது.

தட்டிலிருந்து தொழுவத்துக்கு வரும் வழிதான் நீளம். டி-1105 என்ற சேர்மத்தைப் பன்றிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துக் கோமாரி அறிகுறி வராமல் தடுத்திருக்கிறார்கள். ஆனால் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று வைத்தாலும், 350 கிலோ மாட்டுக்கு ஒரு வேளைக்கு 70 கிராம் வேண்டும். யார் வாங்குவது? அப்புறம், அது பாலில் எத்தனை நாள் தங்கும் என்று தெரியாமல் கறந்து விற்க முடியாது. மனிதருக்கான ஃப்ளூ மருந்து அமன்டடினைக் கோழிகளுக்குக் கொடுத்து, அந்த மருந்தையே எதிர்க்க ஃப்ளூ வைரஸைப் பழக்கிவிட்ட கதையும் இருக்கிறது. அதனால் மனிதருக்கான மருந்தை அப்படியே மாட்டுக்குத் திருப்பிவிட முடியாது. மாட்டுக்கென்று தனியாகத் தேட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். உயிருள்ள கோமாரி வைரஸைக் கையாள புவனேஸ்வரில் இருப்பதுபோன்ற உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். மாட்டு மருந்தில் பெரிய லாபம் இல்லை என்று நிறுவனங்கள் ஒதுங்கினால் அரசுதான் செலவழிக்க வேண்டும். ஒரு கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடுகள் டெல்டாவில் எத்தனை! அந்தச் செலவை வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மந்திரிப்பதற்காக ஊர் மாடுகளையெல்லாம் ஒரே இடத்துக்கு ஓட்டி வருவதைப் பார்த்தாலும் அதே கோபம்தான். ஒரு மாட்டின் எச்சில் நூறு மாட்டுக்குப் போக அதைவிட நல்ல வழி இல்லை. சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்து வாயில் தடவுவது வேறு விஷயம். அதைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே பரிந்துரைக்கிறார்கள். புண் ஆறி மாடு தீனி எடுக்க உதவும். அதிலுள்ள எந்தப் பொருளாவது செல்லுக்குள் வைரஸை நிறுத்துகிறதா என்பதை அந்த ஊதாத் தட்டில்தான் கேட்க வேண்டும். கேட்பது மூலிகைக்கு மரியாதைக்குறைவு ஆகாது.

வாசகருக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை எந்த மாட்டுக்காவது எச்சில் நூலாக ஒழுகினால் அதைத் தனியே கட்டிவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாக்குக் கொப்புளம் சீக்கிரம் உடைந்துவிடும். அப்போது உரியும் அந்தத் துண்டுத் தோலை கிளிசரின் கலந்த கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், வந்திருப்பது வைரஸின் எந்த வகை, ஓ-வா, ஏ-யா, ஏசியா-1-ஆ என்று சொல்லிவிடுவார்கள்.