முந்நூறு ஆயுதம் இருந்தாலும் கையில் ஒன்றுதான்

வீடியோ விளையாட்டு வெளியாவதற்கு முன்னால் அதை அறிமுகமில்லாத ஆட்களிடம் கொடுத்து விளையாடச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலையில் பாதி. மீதிப் பாதி லெவல் வடிவமைப்பு. கடினமான ஆக்‌ஷன் ஆர்பிஜிகளில், அதாவது ஒரு பாத்திரமாகி அதை வளர்த்துக்கொண்டே சண்டை போடும் விளையாட்டுகளில், ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பையில் ஐம்பது ஆயுதம் கிடக்கும். ஆள் முதல் ஒரு மணி நேரத்தில் கிடைத்த வாளோடு கடைசிப் பெரிய எதிரியான பாஸ் வரை போய்விடுவார்.

அவரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். தப்பு பெரும்பாலும் எங்கள் பக்கம். ஆயுதத்தை மேம்படுத்தும் கற்களை நாங்கள் கிள்ளித்தான் கொடுக்கிறோம். கிடைத்ததையெல்லாம் ஒரே வாளில் கொட்டி, ஆறு படி ஏற்றி +6 ஆக்கியவர், புதிதாகக் கிடைத்த ஈட்டியை எடுத்து இரண்டு குத்து குத்திப் பார்ப்பார். எதிரியின் உயிர்ப்பட்டை அசையாது. ஈட்டி உதவாது என்று முடிவு கட்டிவிடுவார். பாவம் ஈட்டி, அது இன்னும் +0வில் இருக்கிறது!

ஆகவே இரண்டு ஆயுதங்களை ஒப்பிடுவதென்றால் ஒரே மட்டத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 2022இல் வந்த எல்டன் ரிங் விளையாட்டில் 300க்கும் மேற்பட்ட ஆயுதங்கள் உண்டு. சாதாரண ஆயுதத்தை +25 வரை ஏற்றலாம். அத்தனை கல்லுக்கு எங்கே போவது என்று தோன்றும். அங்கங்கே கிடைக்கும் பெல் பேரிங் என்னும் பொருள்களை ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற தங்குமிடத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், கற்களை அந்த விளையாட்டின் காசான ரூன் கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம். இது தெரியாமல் ஒரே ஆயுதத்தோடு முடித்தவர்கள் நிறையப் பேர். அப்புறம், சுமக்கும் எடை 70 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்குத் தப்ப உருளும் ரோல் மந்தமாகிவிடும். பெரிய சம்மட்டியை மாட்டிக்கொண்டு, ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்று கன்ட்ரோலரைக் குறை சொன்னவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, கல் தாராளமாகக் கிடைத்துவிட்டால் ஆயுதங்களுக்கு வேலை வந்துவிடுமா? வராது. அந்த வேலையைக் கொடுக்க வேண்டியது இடம்.

ஒரு சோதனை ஆட்டம் நினைவுக்கு வருகிறது. குறுகலான சுரங்கப்பாதை, எதிரே கேடயம் பிடித்த இரண்டு பேர். விளையாடியவர் கையில் இரு கைகளாலும் பிடித்துச் சுழற்றும் பெரிய வாள். ஓங்கி வீசுகிறார், வாள் சுவரில் மோதித் தெறிக்கிறது, அந்த அரை நொடியில் குத்து வாங்கிச் சாகிறார். ஒன்பது தடவை. பத்தாவது தடவை திரும்பி, “இது பக்தானே?” என்று என்னிடம் கேட்டார். பக் இல்லை, நிரலில் கோளாறு எதுவும் இல்லை. 2011இல் வந்த டார்க் சோல்ஸிலும் வீச்சு சுவரில் பட்டால் இப்படித்தான் தெறிக்கும். நேராகக் குத்தும் ஈட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. கேடயத்தை உயர்த்தியபடியே குத்தவும் செய்யலாம்.

பாதையை அகலப்படுத்தச் சொல்லிக் குழுவில் பேச்சு வந்தது. நான் பாதையைத் தொடவில்லை. அதன் வாசலில் ஒரு பிணத்தைக் கிடத்தி, பக்கத்தில் ஈட்டியை வைத்தேன். வாளுக்குப் போட்ட கல்லோடு சமமாக, அதுவும் +6. பாதை முடிகிற இடத்தில் ஒரு திறந்த முற்றம், மூன்று பக்கமிருந்தும் நாய்கள். அங்கே ஈட்டி திணறும், வாள் வெளுத்து வாங்கும். அடுத்து வந்தவர்களில் பலர், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, முற்றத்தின் விளிம்பில் நின்று ஆயுதத்தை மாற்றினார்கள்.

எண்ணிக்கை பெரிதல்ல என்பதற்கு 2019இல் வந்த செகிரோவே போதும். முதன்மை ஆயுதம் ஒரே வாள். எதிரிகளும் கூரைகளும் அந்த வாளுக்கும் செயற்கைக் கைக்கும் அளவெடுத்துத் தைத்தவை. ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி ஆடும் இரண்டாம் சுற்றில், குரோ என்ற சிறுவன் கொடுத்த தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதன்பின் துல்லியமாகத் தட்டிவிடாத ஒவ்வொரு தடுப்புக்கும் கொஞ்சம் உயிர் போகும். அதே வாள்தான், ஆட்டம் வேறு.

இரண்டாம் சுற்று என்றால் எதிரிக்கு உயிரையும் அடியையும் கூட்டினால் போதும் என்று நினைக்கும் விளையாட்டுகள் எனக்குச் சலிப்பு. டார்க் சோல்ஸில் இரண்டாம் தடவை புதுப் பாத்திரத்தோடு தொடங்கி, தொடக்கப் பரிசாகப் பல பூட்டுகளைத் திறக்கும் மாஸ்டர் கீயை எடுத்தால், நியூ லண்டோ என்ற பகுதி வழியாக டிரேக்குகளின் பள்ளத்தாக்குக்குப் போய், வழக்கமான வழியிலுள்ள டெப்த்ஸை மிதிக்காமலேயே பிளைட்டவுன் என்ற இடத்தில் இறங்கலாம். முதல் சுற்றில் நடுவில் வந்த இடம் இப்போது தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அதற்கேற்ற ஆயுதம் கையில் இருக்காது. இருப்பதை வைத்து யோசிக்க வேண்டும்.

எங்கள் சுரங்கப்பாதைக்கும் இரண்டாம் சுற்றுக்காக ஒரு வேலை செய்தோம். மூன்று நாய்களையும் முற்றத்திலிருந்து எடுத்துப் பாதைக்குள் விட்டோம். ஒன்பது தடவை செத்த அதே மனிதர் மறுபடி வந்தார். ஈட்டியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர், குரைப்புச் சத்தம் கேட்டதும் நின்றார். கொஞ்ச நேரம் பையைத் திறந்து எதையோ தேடினார். கடைசியில் அவர் எடுத்தது, முதல் சுற்றில் ஒரு தடவைகூடத் தொடாத குறுவாள்.