நடுவில் பெட்டியே இல்லை, பாடகர் மட்டும் எப்படி நிற்கிறார்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஹெட்போனில் கேட்டால் பாடகர் என் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுகிறார். அதே பாட்டை ஹாலில் இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் எதிரே, டிவிக்குச் சற்று மேலே நின்று பாடுகிறார். அந்த இடத்தில் எந்தப் பெட்டியும் இல்லை. இது ஸ்பீக்கர் செய்யும் வேலையா, என் மனப்பிரமையா?”

பிரமைதான். ஆனால் கணக்குப் போட்டு வரவழைக்கிற பிரமை. கணக்கு தப்பினால் பாடகர் அந்த இடத்தில் நிற்க மாட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளின் ஹால்களில் பல நேரம் தப்பத்தான் செய்கிறது. காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

பள்ளியில் படித்ததுதான் அடிப்படை. வலப்பக்கம் பஸ் ஹாரன் அடித்தால் அது வலக்காதுக்கு முதலில் வருகிறது, இடக்காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறது. தலை குறுக்கே இருப்பதால் இடக்காதில் சத்தமும் குறைவு. நேர வித்தியாசம், சத்த வித்தியாசம் என்ற இந்த இரண்டையும் வைத்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது என்று ரேலி பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1907-இல் விளக்கினார். தாழ்ந்த சுருதிகளுக்கு நேரம் முக்கியம், உயர்ந்த சுருதிகளுக்குச் சத்தம் முக்கியம். தலையின் அகலம் ஏறக்குறைய 17 செ.மீ. என்பதால் நேர வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லிவிநாடிக்குள்தான் இருக்கும். அதற்குள்ளேயே, பழகிய காது 0.01 மில்லிவிநாடி அளவு மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடும்.

இப்போது ஒரு சிக்கல். ஸ்டுடியோவில் வயலினை இடப்பக்கம் தள்ள வேண்டுமானால், பெரும்பாலும் இடச் சேனலில் சத்தத்தைக் கூட்டி வலச் சேனலில் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். நேர வித்தியாசம் எதையும் பதிவில் வைப்பதில்லை. ஹெட்போனில் இடச் சேனல் இடக்காதுக்கு மட்டும், வலச் சேனல் வலக்காதுக்கு மட்டும் போகிறது. சத்தம் ஒரு பக்கம் கூடுதல், நேரமோ இரண்டு பக்கமும் ஒன்று. வெளியுலகில் எந்தப் பொருளும் இப்படி ஒலிக்காது. போதாததற்குத் தலையைத் திருப்பினால் மொத்தக் கச்சேரியும் கூடவே திரும்புகிறது, காது மடலின் மடிப்புகள் சேர்க்க வேண்டிய அடையாளங்களும் இல்லை. வெளியே எங்கும் வைக்க முடியாத ஒலியை மூளை இரண்டு காதுக்கும் இடையே, மண்டைக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

ஸ்பீக்கரில் என்ன நடக்கிறது? இடப் பெட்டியின் ஒலி இடக்காதோடு நிற்பதில்லை, தலையைச் சுற்றி வலக்காதுக்கும் போகிறது. வலப் பெட்டியும் அப்படியே. இரண்டு காதும் இரண்டு பெட்டியையும் கேட்கின்றன. பார்த்தால் இது கலப்படம் மாதிரி தெரியும், ஒழிக்க வேண்டிய குறை என்று தோன்றும். ஸ்டீரியோவின் உயிரே இந்தக் கலப்படத்தில்தான் இருக்கிறது.

எண்களை வைத்தே பார்ப்போம். இரண்டு பெட்டிகளும் கேட்பவருக்கு நேர் எதிரிலிருந்து 30 டிகிரி இடமும் 30 டிகிரி வலமுமாக இருக்கின்றன. இந்தக் கோணத்தில் இடப் பெட்டியின் ஒலி வலக்காதை எட்ட, இடக்காதைவிட 0.26 மில்லிவிநாடி கூடுதலாக ஆகிறது. இடப் பெட்டிக்கு 2 பங்கு, வலப் பெட்டிக்கு 1 பங்கு ஒலி கொடுக்கிறோம். இரண்டும் ஒரே கணத்தில் கிளம்புகின்றன, நேர வித்தியாசம் துளியும் இல்லை.

இடக்காதுக்கு முதலில் 2 பங்கு வருகிறது, 0.26 மில்லிவிநாடி கழித்து 1 பங்கு வருகிறது. தாழ்ந்த சுருதிகளில் அலை மிக நீளமானது. அதனால் காது இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதில்லை, கூட்டி ஒரே அலையாகத்தான் வாங்குகிறது. அந்தக் கூட்டு அலை வந்த நேரம் இரண்டுக்கும் இடைப்பட்டது, ஆனால் பெரிய பங்கின் பக்கம் சாய்ந்தது: 0.26-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.087. வலக்காதில் கதை தலைகீழ். முதலில் வருவது 1 பங்கு, தாமதமாக வருவது 2 பங்கு. எனவே கூட்டு அலை 0.26-இல் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில், 0.173-இல் வந்து சேர்கிறது. இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசம் 0.086 மில்லிவிநாடி.

நேர் எதிரிலிருந்து 10 டிகிரி இடப்பக்கமாக ஒரு வயலின் கலைஞர் நிஜமாகவே உட்கார்ந்து வாசித்தால் காதுகளுக்கிடையே எவ்வளவு நேர வித்தியாசம் வரும்? 0.089 மில்லிவிநாடி. ஏறத்தாழ அதேதான்! பதிவில் இல்லாத நேர வித்தியாசம், வெறும் சத்த வித்தியாசத்திலிருந்து, கேட்பவரின் காது வாசலில் பிறக்கிறது. மூளை ஏமாறுகிறது என்று சொல்வதுகூட அநியாயம். அதற்குக் கிடைத்த செய்தி அசல் செய்திதான்.

இரண்டு பெட்டிக்கும் சம பங்கு கொடுத்தால் வித்தியாசம் பூஜ்ஜியம், பாடகர் நட்டநடுவில் நிற்பார். உயர்ந்த சுருதிகளில் இந்தக் கூட்டல் நடக்காது. அங்கே தலையின் நிழல் வேலையை எடுத்துக்கொண்டு, சத்த வித்தியாசமாகவே அதே பக்கத்தைக் காட்டுகிறது. இதற்கு ஒரு சின்ன விலை உண்டு. நடுவில் நிற்கும் குரலில் 0.26 மில்லிவிநாடி தள்ளி வரும் இரண்டாவது அலை, 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் முதல் அலையைக் கொஞ்சம் அடித்துவிடும். நடுவில் நிஜமாகவே ஒரு பெட்டியை வைத்துப் பாடவிட்டால் குரலின் நிறம் லேசாக மாறித் தெரிவது அதனால்தான்.

இந்தத் தந்திரத்தை முழுதாகக் கணக்கிட்டு 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு எழுதியவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 1942-இல் 38 வயதில் இறந்துபோனார். வீட்டுக்கு வீடு ஸ்டீரியோ வந்ததை அவர் பார்க்கவில்லை. 1961-இல் பெஞ்சமின் பௌவர் என்ற பொறியாளர் இதை ஹெட்போனுக்குத் திருப்பினார். இடச் சேனலில் கொஞ்சம் எடுத்து, ட்ரெபிளைக் குறைத்து, சிறு தாமதத்தோடு வலக்காதில் கலப்பது, மறுபக்கமும் அப்படியே. ‘கிராஸ்ஃபீட்’ என்ற பெயரில் இன்று சில ஆப்களில் கிடைக்கிறது. பாட்டு மண்டையைவிட்டு முழுதாக வெளியே வராவிட்டாலும் நெற்றி வரைக்கும் வந்துவிடும்.

முழுதாக வெளியே கொண்டுவர அவரவர் காது மடலையும் தலையையும் அளக்க வேண்டும். இதற்குப் பலரும் பயன்படுத்துகிற அளவீடுகள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1994-இல் ஒரு பொம்மைத் தலையை வைத்து எடுத்ததும், கலிஃபோர்னியாவில் 2001-இல் 45 தலைகளை அளந்து வெளியிட்டதும். நம் ஊர்த் தலைகளைப் பெரிய எண்ணிக்கையில் அளந்து பொதுவில் வைக்க ராக்கெட் செலவு ஆகாது. எதிரொலி இல்லாத அறை ஒன்று, நல்ல மைக்குகள், சில ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை போதும். காது கேட்கும் கருவிகளுக்கும் அது உதவும். இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் ஒதுக்குவதைச் செலவென்று பார்ப்பது கஞ்சத்தனம்.

இனி வீட்டுக்கு வருவோம். 10 அடி அகலம், 12 அடி நீளம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். 10 அடிச் சுவர்ப் பக்கம் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கச்சுவரிலிருந்து 60 செ.மீ. இடைவெளி விட்டால் இரண்டுக்கும் நடுவே 1.85 மீட்டர் வரும். கேட்பவர் இரண்டு பெட்டிகளிலிருந்தும் அதே 1.85 மீட்டரில் உட்கார வேண்டும், அதாவது சமபக்க முக்கோணம். கண்மதிப்பு வேண்டாம், டேப் பிடித்து அளக்கவும். ட்வீட்டர், அதாவது பெட்டியில் உயர்ந்த சுருதிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், காது உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி என்றால் தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர், பாயில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு 70, 75 செ.மீ. பெட்டியை ஷோகேஸின் மேல் தட்டில் ஏற்றிவிட்டுப் பாட்டு கூரையிலிருந்து வருகிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

பின்சுவரோடு பெட்டியை ஒட்டினால் பேஸ் வீங்கும், மூலையில் வைத்தால் இன்னும் வீங்கும். தள்ளி வைத்தாலும் ஒரு கணக்கு இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, தூரத்தின் நான்கு மடங்கு அலைநீளமுள்ள சுருதியை அமுக்கிவிடும். பெட்டியின் முகம் சுவரிலிருந்து 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸ், 1 மீட்டர் என்றால் 86. மிருதங்கத்தின் தொப்பி நாதம் காணாமல் போனதாகத் தோன்றினால், பெட்டியை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரைக் குறைசொல்வது அதற்குப் பிறகு. அறையின் நீளத்தில் நட்டநடுவில் மட்டும் உட்கார வேண்டாம். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை (இரண்டு சுவருக்கும் நடுவே நகராமல் நின்று அதிரும் அலை) எழும், அதன் அழுத்தம் நடுவில் பூஜ்ஜியம்.

கன்னி மூலையில்தான் கனமான சாமான் இருக்க வேண்டும் என்று ஒரு பெட்டியை அங்கேயும், இடம் கிடைத்த பக்கம் மற்றதையும் வைக்கிற வீடுகள் உண்டு. ஒரு பெட்டி மூலையில், மற்றது வாசற்படி ஓரத்தில் என்றால் மேலே போட்ட 2 பங்கு, 1 பங்குக் கணக்கெல்லாம் பாழ். ஒலிக்கு வடக்கு தெற்கு தெரியாது, தூரம் மட்டும்தான் தெரியும்.

அறையின் எதிரொலிகள் இந்த மாயத்தைக் கெடுக்காதா? இங்கே காதின் இன்னொரு குணம் காப்பாற்றுகிறது. முதலில் வந்த அலையின் திசையையே மூளை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு 1 மில்லிவிநாடியிலிருந்து 30 வரைக்குள் வரும் எதிரொலிகளைத் திசைக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை, சத்தத்தோடு மட்டும் சேர்த்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1949-இல் இதை அளந்து காட்டினார். நம் ஹாலில் பக்கச்சுவரில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 80 செ.மீ. கூடுதலாக நடக்கிறது, தாமதம் 2.4 மில்லிவிநாடி. பிழைத்தோம். அதுவே பெட்டியை ஒட்டினாற்போல் ஒரு இரும்பு பீரோ நின்றால் தாமதம் 1 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்கி, பாடகர் பீரோ பக்கம் இழுபடுவார்.

ஆனால் திசை கெடாவிட்டாலும் தெளிவு கெடும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. தரையெல்லாம் பாலிஷ் போட்ட கல், சுவரெல்லாம் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். பாலிஷ் கல் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும். காலி ஹாலில் ஒரு கைதட்டல் தட்டிப் பாருங்கள். ‘ர்ர்ங்’ என்று உலோகச் சத்தம் வால் பிடித்து வந்தால் பாட்டின் வரிகளும் அப்படித்தான் குழம்பும். நாட்டு ஓடு போட்ட பழைய வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஓட்டுச் சந்து வழியே பேஸ் பாதி வெளியே போய்விடும், சாய்ந்த கூரையும் ஒலியைத் தரைக்கும் கூரைக்கும் நேராகப் பந்தாடாது.

மருந்து எளிது. கேட்பவர் தன் இடத்தில் உட்காரட்டும். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரில் காது உயரத்தில் ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் முதல் எதிரொலி படும் இடம். அங்கே கனத்த திரை அல்லது நிறையப் புத்தகம் அடுக்கிய அலமாரி, தரையில் பெட்டிக்கும் ஆளுக்கும் நடுவே ஜமக்காளம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் இன்னும் நல்லது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வெறும் அலங்காரம். மெல்லிய அட்டை மேல் சுருதியைக் கொஞ்சம் தொடும், பேஸை ஒன்றும் செய்யாது.

எல்லாம் சரியாக வைத்தும் பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறார், பேஸும் இல்லை என்றால் ஒரு பெட்டியின் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் செல்லின் பிளஸ் முனையைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடவும். இரண்டு பெட்டியிலும் வூஃபர், அதாவது பேஸ் தரும் பெரிய கூம்பு, முன்னே வர வேண்டும். பிறகு பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். குரலும் வாத்தியமும் எல்லாமே நடுவில் ஒரு புள்ளியில் குவிந்தால் இணைப்பு சரி.

செலவு விஷயத்தில் இரண்டு ஏமாற்றுகள். ஒன்று ஒயர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. அடிக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிற கேபிளும் தாயத்தும் ஒரே கடைச் சரக்கு. மற்றது அட்டைப்பெட்டியில் அச்சடித்த “10,000 வாட் பி.எம்.பி.ஓ.”, அதாவது ஒரு கணத்து உச்சம் என்று சொல்லிக்கொள்கிற வாட். வீட்டின் 5 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1,150 வாட்டுக்கு மேல் தராது, மீதி எங்கிருந்து வரும்? ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். 87 டெசிபெல் உணர்திறன் (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் கேட்கும் சத்தம்) உள்ள இரண்டு பெட்டிக்கு ஆளுக்கு 1 வாட் கொடுத்தாலே நம் முக்கோணத்தில் 85 டெசிபெல் தொட்டுவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அந்தச் சத்தத்தை வாரத்துக்கு 12 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கேட்கலாம்.

கடைசியாக, வீட்டில் அடிக்கடி சண்டை வரும் இடம்: நடு நாற்காலி யாருக்கு? நடுவிலிருந்து ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தாலே இடப் பெட்டியின் ஒலி 0.87 மில்லிவிநாடி முந்தி வந்துவிடும், பாடகர் அந்தப் பெட்டிக்குள் போய் விழுவார். இருவர் அருகருகே கேட்பதானால் பெட்டிகளை நன்றாக உள்நோக்கித் திருப்பி, அவற்றின் நேர்க்கோடுகள் கேட்பவர்களுக்கு ஒரு முழம் முன்னாலேயே குறுக்கிடும்படி வையுங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இடப் பெட்டி முந்தும், ஆனால் அது அவரை நேராகப் பார்க்காது. தாமதமாக வரும் வலப் பெட்டியோ நேராகப் பார்த்து உரக்க ஒலிக்கும். நேரத்தில் இழந்ததில் ஒரு பகுதியைச் சத்தத்தில் மீட்கலாம். இருவருக்கும் பாடகர் ஏறக்குறைய நடுவில் தெரிவார், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் அகலம் குறையும்.