வீட்டுப் பட்டறைக்கு மில்லிங் மெஷின்: பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

வீட்டில் சின்னதாகப் பட்டறை போட்டு, சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மில்லிங் மெஷின் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனை எச்பி மோட்டார் வேணும்?” என்றுதான். பழைய மெஷின்களைப் பிரித்து ரீகண்டிஷன் செய்வது என் தொழில். என்னைக் கேட்டால் மோட்டாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் ரீவைண்டிங் செய்யலாம், வேறு மாற்றலாம். டேபிள் வழுக்கி நகரும் தடமான ஸ்லைடு தேய்ந்துபோய் அதைச் சரிசெய்யப் போனால் மெஷின் விலையில் பாதி போய்விடும்.

மேஜைமேல் வைக்கும் சின்ன மெஷின், அலுமினியம், பித்தளை வேலைக்குப் போதும். இரும்பும் வெட்டும், ஆனால் அரை மில்லி அரை மில்லியாகப் பொறுமையாக எடுக்க வேண்டும். அதையே வாங்குவதாக இருந்தால் கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் டேப்பர் (டூல் உட்காரும் கூம்புத் துளை) ஆர்8 வகையா என்று கேளுங்கள். மோர்ஸ் டேப்பர் என்றால் ஒவ்வொரு முறையும் டூலை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிராபார் கம்பியைச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். அந்த அடி நேராக பேரிங்குக்குப் போகிறது. ஆர்8 லேசாகத் தட்டினாலே விட்டுவிடும்.

விலை குறைவு என்று உருண்டைத் தூண் வைத்த டிரில்-கம்-மில்லை (துளையும் போட்டு மில்லிங்கும் செய்யும் மெஷினை) வாங்குபவர்கள் நிறைய. ஜாப்பின், அதாவது வேலை செய்யும் உலோகத் துண்டின், சென்டரைப் பிடித்துவிட்டீர்கள். அடுத்து நீளமான டிரில் போட, ஸ்பிண்டில் இருக்கும் தலையை மேலே ஏற்ற வேண்டும். தூண் உருண்டை என்பதால் தலை பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பிவிடும். பிடித்த சென்டர் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சரிந்த விளிம்புத் தடத்தில் தலை நேராக ஏறி இறங்கும் டோவ்டெயில் தூணில் இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் அதையே வாங்குங்கள்.

இடமும் பணமும் இருந்தால் என் ஓட்டு பழைய டர்ரெட் மில்லிங்குக்குத்தான் (தலையைத் திருப்பவும் முன்பின் தள்ளவும் முடிகிற, தரையில் நிற்கும் பெரிய மெஷின்). நம் ஊர் பட்டறைகளில் எம்1டிஆர் என்று சொல்வார்களே, அந்த வகை. விழிப்பாக இருக்க வேண்டியதும் இங்கேதான். கோவை, அம்பத்தூர் பக்கம் குடோன்களில் பச்சையும் சாம்பலுமாகப் பளபளத்து நிற்கும். பட்டியும் பெயின்ட்டும் எல்லாவற்றையும் மறைக்கும், ஸ்லைடைத் தவிர.

முதலில் டேபிளுக்கு அடியில் உள்ள சேடிலை முன்னும் பின்னும் தள்ளி, அதைத் தாங்கி மேலும் கீழும் போகும் ‘நீ’ (knee) என்ற பகுதியின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமப்படுத்திய) அடையாளம் ஓரங்களில் தெரிந்து, நடுவில் கண்ணாடி போல வழவழவென்றிருந்தால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. புதிதாகப் போட்ட அலங்கார ஸ்கிரேப்பிங்கும் உண்டு என்பதால் இதோடு நிறுத்த வேண்டாம். டேபிளை நடுவில் வைத்து, ஆட்டம் இல்லாத அளவுக்கு கிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்கச் சொல்லுங்கள். பிறகு டேபிளை இரண்டு கோடிக்கும் ஓட்டுங்கள். கோடியில் போய்ப் பிடித்தால் தேய்மானம் உறுதி. இந்த ஒரு சோதனைக்குத் தயங்கும் வியாபாரியிடம் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஹேண்ட் வீலில் ஆட்டம் இருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவின் நட் தேய்ந்திருந்தால் கன்மெட்டலில் (வெண்கல வகை உலோகம்) புதிதாகச் செய்துவிடலாம். நடுவில் ஒரு அளவு ஆட்டமும் கோடியில் வேறு அளவும் காட்டினால் தேய்ந்தது ஸ்க்ரூ. அது பெரிய செலவு.

ஸ்பிண்டிலைச் சோதிக்க, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் லீவர் டயல் கொண்டுபோங்கள். டேப்பரின் உள்பக்கத்தில் அதன் நுனியை வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது ஆட்டம் ஒரு சென்டு, அதாவது 0.01 மில்லிமீட்டர், என்றால் நல்லது. மூன்று சென்டுக்கு மேல் ஓடினால் விலையைப் பேசாதீர்கள். அப்புறம் அதிக வேகத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஸ்பிண்டில் மூக்கில் கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போய்விட்டது. நீங்கள் போவதற்கு முன்பே அவர்கள் மெஷினை ஓட்டி வைத்திருக்கக்கூடாது, அது குளிர்ந்திருக்க வேண்டும்.

“வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தானே, இதை ஓட்ட முடியுமா?” முடியும். இதில் இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டார். நம்மூர் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் இருக்கும் (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள்). ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக மாற்றி, சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டியில் (சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் கருவி) ஓட்டலாம். டெர்மினல் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மூன்று ஒயர்தான் இருக்கிறது என்றால் மோட்டாரைப் பிரித்து உள்ளே இருக்கும் இணைப்பை வெளியே எடுக்க வேண்டிவரும். பழைய ஃபார்வர்ட்-ரிவர்ஸ் சுவிட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது யாராவது திருப்பினால் விஎஃப்டி போய்விடும்.

இது ஒரு டன்னைச் சுற்றி எடையுள்ள சாமான், உயரமும் ஆளை மிஞ்சும். மாடி வேண்டாம். கதவையும் கூரையையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். தலைப்பகுதி மேலே கனம் என்பதால், நகர்த்தும்போது தலையைத் தாங்கும் ரேம் என்ற கையை உள்ளே தள்ளி, தலையைக் கீழ்நோக்கித் திருப்பி, ‘நீ’ பகுதியை இறக்கி வைக்க வேண்டும். பைப் போட்டு உருட்டத் தெரிந்த ஆட்களையே கூப்பிடுங்கள். கூலியில் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுவது டூல் செலவை. ஜாப்பைப் பிடிக்கும் வைஸ், கட்டரைப் பிடிக்கும் ஈஆர்32 கோலட் செட், கிளாம்ப் செட், ஜாப்பை உயர்த்தி வைக்கும் பேரலல், ஓரத்தைக் கண்டுபிடிக்கும் எட்ஜ் ஃபைண்டர், வெட்டும் எண்ட் மில் என்று சேர்ந்தால் சின்ன மெஷினின் விலையையே தொட்டுவிடும். அதனால் பேரம் பேசும்போது மெஷினோடு கிடக்கும் வைஸையும் ஆர்பரையும் (கட்டரை மாட்டும் தண்டு) சேர்த்தே விலை கேளுங்கள். அட்வான்ஸ் கைமாறிவிட்டால், அதெல்லாம் “வேற மெஷினோடது சார்” ஆகிவிடும்.